மூன்றாவது ரெக்கார்டில் கேட்ட மணி

புதுச்சேரி உப்பளத்தில் ஜோசப் ஆனந்த் வீட்டு மாடிக்குக் குடிவந்த முதல் சனிக்கிழமையே உலக வரலாறு எனக்கு விளங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறைமுக ஊரில் ஐந்து பேர் 1967-இல் கிட்டாரைத் தூக்கினார்கள், 1969-இல் கீழே வைத்தார்கள். அவ்வளவுதான் வரலாறு. இடையில் மனிதன் நிலாவுக்குப் போனதெல்லாம் துணுக்குச் செய்தி.

அந்த ஐவருக்கும் சேர்த்துப் பெயர் ஹார்பர் லேன். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேள்விப்பட்டதில்லை. பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். படித்த திமிரில், "ப்ளூஸ்னா என்னா அங்கிள்?" என்று சும்மா ஒரு கேள்வி கேட்டேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. பதில் முடியவில்லை.

ஜோசப் ஆனந்துக்கு இப்போது அறுபத்தாறு வயது. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய மற்ற சொல்தாக்கள் கம்பளிக் கோட்டும் கண்ணாடிக் கோப்பையும் கொண்டுவந்தபோது, அவர் ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஹார்பர் லேனின் முதல் இரண்டு ரெக்கார்டுகளையும் கொண்டுவந்தார். மகன் பிரெஞ்சு படித்துப் பாரீசுக்குப் போவான் என்பது அப்பாவின் திட்டம். மகன் வெள்ளைக்காரனின் சோகப் பாட்டைப் படித்து, மூன்று தெரு தள்ளியிருந்த அரசு அலுவலகத்துக்குப் போனார். கோப்பு நகர்த்தினார், கிட்டார் வாசித்தார், ஓய்வுபெற்றார். கோப்புகள் நகர்ந்தனவா என்பது பற்றி மாற்றுக்கருத்து உண்டு.

ஹார்பர் லேனின் இசைக்கு மூன்று காலங்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முதல் காலம், 1967: மௌத் ஆர்கன், பன்னிரண்டு தாளக்கட்டில் சுற்றிச் சுற்றி வரும் எளிய ப்ளூஸ், தெருமுனையில் நின்று பாடுவது போன்ற குரல். இரண்டாம் காலம், 1968: மௌத் ஆர்கன் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார் சத்தம் ஏறுகிறது, ஒருவர் தனியாக வாசிக்க ஆரம்பித்தால் நாம் டீ குடித்துவிட்டு வரலாம். மூன்றாம் காலம், 1969. இதைச் சொல்லும்போது அங்கிள் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

"அங்கதான் தம்பி ஆளுங்க மாறிப் போறாங்க. வேகமெல்லாம் போயிடுச்சு. பாரம். ஒவ்வொரு அடியும் சேத்துல கால் வெச்சு எடுக்கிற மாதிரி. குரலு அடித்தொண்டைக்கு எறங்கிடுச்சு. ஏன்? அவங்க ஊரு ஹார்பர்ல கப்பல் வர்றது நின்னுபோச்சு. நம்ம உப்பளத்துப் பழைய துறைமுகம் மாதிரி. நடுவுல கிட்டாரு ஓஞ்ச எடத்துல தூரத்துல ஒரு மணி கேக்கும் பாரு, அது கப்பல் மணி. வராத கப்பலோட மணி!"

கேஸட்டைப் போட்டுக் காட்டுவார். உண்மையிலேயே கேட்கும். டிங். கொஞ்சம் தள்ளி இன்னொரு டிங். எனக்கே உடம்பு சிலிர்த்தது. பட்டதாரி என்பதால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ரெக்கார்டு தேய்ந்துவிடும் என்று மூன்றையும் கேஸட்டில் பதிந்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி பீரோவில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருந்தார். முதல் இரண்டும் பதிந்தது கல்யாணமான வருஷம் கத்திரி வெயிலில். மூன்றாவதைப் பிரான்சில் துலோனில் இருந்த அவருடைய பெரியப்பா தபாலில் அனுப்ப, அது அதே வருஷம் கிறிஸ்மஸ் நேரத்தில் வந்து சேர்ந்தது. உறை பிரித்த கையோடு, முதல் ஓட்டத்திலேயே பதிந்துவிட்டார். அதன்பிறகு பிளேயரையும் மூட்டை கட்டிவிட்டார். அதாவது மூன்றாம் காலத்தை அந்த மனிதர் ரெக்கார்டில் கேட்டது ஒரே ஒரு முறை. அதை வைத்து நாற்பது வருஷம் பேசியிருக்கிறார். நம் ஊரில் புத்தகத்தின் அட்டையை வைத்தே பேசுகிறவர்கள் இருக்கும்போது இது பெரிய உழைப்புதான்.

இப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு பேண்டும் இருக்குமல்லவா? உப்பளம் ப்ளூஸ் கம்பெனி. கிட்டாரும் குரலும் அங்கிள். பேஸ் கிட்டாருக்கு அவ்வப்போது யாராவது வருவார்கள், மூன்றாம் காலத்தைப் பற்றி இரண்டு சனிக்கிழமை கேட்பார்கள், போய்விடுவார்கள். போகாதவர் டிரம்மர் நெல்சன் மட்டும். அங்கிளின் மனைவி ஸ்டெல்லாமேரி ஆன்ட்டியின் தம்பி என்பதால் அவருக்குப் போக இடமில்லை. உழவர்கரையில் பைக் மெக்கானிக். விரலிடுக்கில் கிரீஸோடு வந்து உட்கார்ந்து வாசிப்பார். அங்கிளும் கேட்பார், கேட்டுவிட்டு இப்படிச் சொல்வார்:

"டேய் மச்சான், டிரம்மு வாசிக்கச் சொன்னா தகரம் தட்டுறியே. அந்த மணி அடிச்சவனைப் பாரு. ரெண்டே தட்டு. எங்க அடிக்கணும், எங்க சும்மா இருக்கணும்னு தெரிஞ்சவன். அவன் கால் தூசு பெறுவியாடா நீ?"

"பெற மாட்டேன் மாமா," என்பார் நெல்சன். வேறென்ன சொல்வார்? அக்கா வீட்டு மீன் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்.

அங்கிளுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை பாக்கி இருந்தது. ஜூன் மாதம் இசைத் திருநாளுக்கு ஊரில் அங்கங்கே மேடை போடுவார்களே, அதில் கடற்கரைச் சாலை மேடையில் மூன்றாம் காலத்தை வாசித்துக் காட்ட வேண்டும். வருஷா வருஷம் கேட்டார். வருஷா வருஷம் யாராவது பறை கற்கும் பிரெஞ்சுக்காரருக்கோ, சாக்ஸபோன் வாசிக்கும் டாக்டருக்கோ இடம் போயிற்று. இந்த வருஷம் என்ன தோன்றியதோ, கொடுத்துவிட்டார்கள். ஒரு பாட்டு. அங்கிள் வீட்டில் கிறிஸ்மஸும் ஈஸ்டரும் சேர்ந்து வந்ததுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நெல்சன் என் போனை வாங்கி, ஹார்பர் லேன் என்று தேடிப் பார்த்தார். மூன்றாவது ரெக்கார்டின் அதே பாட்டு. கேட்டார். மறுபடி கேட்டார். நேராக அங்கிளிடம் போனார்.

"மாமா, அந்தப் பாட்டு இப்பிடி இல்ல. ஓடுது. குதிரை மாதிரி ஓடுது. மணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அங்கிள் போனைக் காதில் வைத்துக் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"போன்ல எதுடா ஒழுங்கா வருது? இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லன்னு வேகமாக்கி விட்டிருக்கான். மணியையும் வெட்டிட்டான்."

"எவன்?"

"கம்பெனிக்காரன்."

"ஏன்?"

"கம்பெனிக்காரனுக்கு எதுக்குடா காரணம்?"

நெல்சன் முதல் முறையாக மீன் குழம்பை மறந்தார். "த பாரு மாமா. நீ சொல்ற வேகத்துல வாசிச்சா, பீச்சுக்குக் காத்து வாங்க வந்தவன் சாவு ஊர்வலம்னு நெனச்சு எழுந்து நின்னு சிலுவை போடுவான். நெசமான வேகத்துல வாசிக்கிறதுன்னா வரேன். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்க."

உப்பளத்தில் வேறு டிரம்மர் இல்லை. இருந்தவர்களை அங்கிள் பேசியே மூலக்குளம் வரைக்கும் விரட்டியிருந்தார். திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம். நெல்சன் வரவில்லை என்றால் மேடை இல்லை. நெல்சன் சொன்னபடி வாசித்தால் மூன்றாம் காலம் இல்லை. அங்கிள் யோசித்தார். படித்த மனிதர் அல்லவா, ஆதாரத்தைத் தேடினார்.

"ரெக்கார்டு பொய் சொல்லாது. எடுடா பிளேயரை. ஊருக்கு முன்னாடி போட்டுக் காட்றேன். என் வேகம் வந்தா நீ என் வேகத்துல வாசிக்கணும்."

"உன் வேகம் வரலன்னா?"

"வராம எங்க போவுது?"

ஊருக்கு முன்னாடி என்றால் நான், ஆன்ட்டி, நெல்சன். பரணிலிருந்து பிளேயரை இறக்கியது என் தோள். பிளக்கில் செருகினோம். தட்டு சுற்றவே இல்லை. முனகியது. நெல்சன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வண்டி எஞ்சினைப் பிரிப்பதுபோல அதைக் கவிழ்த்துப் பிரித்தார். தட்டு சுற்றும் தண்டைச் சுற்றி, மெழுகும் அழுக்கும் கலந்ததுபோல மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"மாமா, இதுல என்னா ஊத்தினே?"

"எண்ணெ."

"என்னா எண்ணெ?"

அங்கிள் மாதா படத்தைப் பார்த்தார். பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது.

"என் எண்ணெ," என்றார் ஆன்ட்டி. "தலைக்குத் தேய்க்க எங்கம்மா காய்ச்சிக் குடுத்த தேங்காயெண்ணெ, வெயில்ல வெச்சு எளக்கி வெச்சிருந்தேன். கல்யாணமாகி மொத கிறிஸ்மஸ். புது ரெக்கார்டு வந்துதுன்னு, பிளேயரு கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போடுதுன்னு, பாட்டிலோட கவுத்துட்டாரு இந்த மனுஷன். கிறிஸ்மஸுக்கு எண்ணெ இல்லாத தலையோட கோயிலுக்குப் போனவ நானு."

மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் என்னவாகும் என்பது புதுச்சேரியில் தலை சீவும் எல்லாருக்கும் தெரியும். வெயிலில் வைத்தால்தான் இளகும். பிளேயரை யாரும் வெயிலில் வைக்கவில்லை. உறைந்த எண்ணெயை இழுத்துக்கொண்டு, சேற்றில் கால் வைத்து எடுப்பதுபோல, அது சுற்றியிருக்கிறது. குரல் அடித்தொண்டைக்கு இறங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் கப்பல் நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அங்கிள் விடுவாரா? "சரி, வேகம் போவட்டும். மணி? மணியை எண்ணெயா அடிச்சுது?"

ஆன்ட்டி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அவர் உட்காரப் போகிறார் என்றால் விஷயம் பெரிது.

"நீங்க ரெக்கார்டு பண்றது எப்பிடி? ஸ்பீக்கர் முன்னாடி டேப்பை வெச்சுட்டு, வீட்ல யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு உக்காந்துக்குவீங்க. அன்னைக்குப் பாத்து கோயில்லேருந்து கரோல் பாட வந்துட்டாங்க. கேக்கெல்லாம் வெட்டி வெச்சிருந்தேன் நானு. நீங்க கதவைச் சாத்திட்டு, ஜன்னல் வழியா 'உஸ்'ஸுன்னீங்க. பாடினவங்க எல்லாம் வாயை மூடிட்டாங்க. மணி வெச்சிருந்த ஒரு வாலு மட்டும் நிறுத்தல."

"எவன் அவன்?" என்றார் அங்கிள்.

நெல்சன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"அக்கா வீட்டு மொத கிறிஸ்மஸுன்னு கேக்கு தின்ன ஆசையா வந்தேன் மாமா. கதவைச் சாத்திட்டே. கோவத்துல ரெண்டு அடி அடிச்சுட்டுப் போயிட்டேன்."

ஃபேன் மட்டும் சுற்றியது, அதற்கு நல்ல எண்ணெய் போட்டிருந்ததால்.

நெல்சன் பெட்ரோலில் துணியை நனைத்து மஞ்சளைத் துடைத்தார். மெஷின் எண்ணெய் விட்டார், ரப்பரை மாற்றினார், ரெக்கார்டை வைத்தார். பாட்டு குதிரையாக ஓடியது. கிட்டார் ஓய்ந்த இடம் வந்தது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குனிந்து கேட்டார். கப்பல் வரவில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது, மறைப்பானேன். ஆனால் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "சரிடா. வேகமாவே வாசிச்சுடலாம். நீ வந்தா போதும்."

ஜெயித்தவர் சந்தோஷப்பட வேண்டுமல்லவா? நெல்சன் எகிறினார்.

"அதெப்பிடி மாமா? வேகமா வாசிச்சா மணி எங்க வரும்? நாப்பது வருஷமா என்னை வெச்சுக்கிட்டே அவனைப் புகழ்ந்தே. அவன் கால் தூசு பெறுவியான்னு கேட்டே. இப்ப அவன் யாருன்னு தெரிஞ்ச ஒடனே வெட்டிவுட்றியா, கம்பெனிக்காரன் மாதிரி? உன் வேகத்துலதான் வாசிக்கிறோம். மணி நான்தான் அடிக்கிறேன். மைக்ல சொல்லிட்டு அடிக்கணும்."

"என்னான்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு."

திருநாளன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நல்ல கூட்டம். ஐஸ்கிரீம் வாங்க வந்த கூட்டம்தான், ஆனாலும் கூட்டம். கோயிலில் கேட்டு ஒரு கைமணி வாங்கி வந்திருந்தார் நெல்சன். விரலில் கிரீஸ் இல்லை. அங்கிள் மைக்கைப் பிடித்தார். நாற்பது வருஷமாக மூன்று காலங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய வாய்க்கு அன்று நாலு வார்த்தை வர அவ்வளவு நேரமாயிற்று.

"இந்தப் பாட்டு ஹார்பர் லேன், 1969," என்றார். "இந்த வேகம்... எங்க வீட்டுத் தேங்காயெண்ணெ. மணி, என் மச்சான் நெல்சன்."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வேற்று மொழிப் பாட்டுக்கு முன்னால் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம்போலும் என்று கை தட்டினார்கள். முன்வரிசையில் ஆன்ட்டி மட்டும், நன்றாக எண்ணெய் வைத்துப் பூச்சூடிய தலையோடு, விழுந்து விழுந்து சிரித்தார்.

வாசித்தார்கள். சேற்றில் கால் வைத்து எடுப்பதுபோல, பாரமாக. உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது. ஐஸ்கிரீம் உருகுவதைக்கூடக் கவனிக்காமல் சிலர் நின்றார்கள். யாரும் சிலுவை போடவில்லை. கிட்டார் ஓய்ந்தது. கடல் சத்தம் கேட்டது. நெல்சன் மணியைத் தூக்கினார். டிங். கொஞ்சம் தள்ளி, டிங்.

கீழே இறங்கியதும் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அங்கிள் என்னைப் பக்கத்தில் அழைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துப் பணிவாகக் குனிந்தேன்.

"ரெண்டாவது மணி கொஞ்சம் லேட்டு தம்பி," என்றார். "சின்ன வயசுல நல்லா அடிச்சுட்டிருந்தான்."