பல்லேகல வந்தால் எழுப்ப வேண்டியவர்

திகன போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில்தான் உட்காருவார். ஹந்தானைக்காரர், ஒல்லியான தேகம், மடியில் ஓட்டச் சப்பாத்து. விடியற்காலையில் மலைப்பாதையில் ஓட்டப் பயிற்சி, பகலில் வழியிலுள்ள பல்லேகல கார்மெண்ட் தொழிற்சாலையில் வேலை. திருவிழாக் காலம் முழுக்கத் தோட்டக் கோயில்களில் உறுமி மேளம் வேறு அடிப்பார்.

“எப்பதான் தூங்குவீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பஸ்லதான்க்கா. பல்லேகல வந்தா எழுப்பி விடுங்க.”

அன்றிலிருந்து அது என் பொறுப்பானது. தோளைத் தொட்டால் போதும், சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவார்.

ஒரு பௌர்ணமிப் போயா நாள் உறுமியோடு ஏறியவர், எதுவும் சொல்லாமலே தூங்கிப்போனார். கார்மெண்ட் லீவு, திகனக் கோயில் திருவிழாவுக்குப் போகிறார் என்று நினைத்தேன். பாவம், தூங்கட்டும் என்று பல்லேகலயில் எழுப்பவில்லை.

திகனயில் விழித்தவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தை.

“திருவிழா அந்திக்குத்தான்க்கா. எட்டு மணிக்கு பல்லேகல கிரவுண்ட்ல மாகாண ஓட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கிறாங்க. பிந்தி வந்தா சேர்க்க மாட்டாங்க.”

அப்போது மணி எட்டு.

“பரவாயில்லக்கா. நல்லா தூங்கிட்டேன்,” என்றார்.

இப்போதும் அதே பஸ்ஸில்தான் வருகிறார். கையில் சப்பாத்து இல்லை. என் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும், பல்லேகல வரை நின்றுகொண்டேதான் வருகிறார்.