தாளித்துக் கொட்டிய குழம்பு

கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஐம்பதுகளில் போடிநாயக்கனூரில் அம்மை குத்துகிறவனாக வேலை பார்த்தேன். எனக்கு மேலே சுகாதார இன்ஸ்பெக்டர் ஐயா. பெரியம்மை கண்ட வீட்டை யாரும் காட்டித்தர மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கும்போது சர்க்கார் ஆளைக் கூப்பிடுவது பாவம். ஆனால் ஆத்தாவுக்கு ஆகாதென்று அந்த வீட்டில் தாளிக்கவும் மாட்டார்கள். அதனால் ஐயா சமையல் நேரம் பார்த்துத்தான் தெருவில் இறங்குவார்; தாளிப்பு மணக்காத வீட்டுக் கதவைத் தட்டுவார். போலீஸ் நாய் தோற்றுப்போகும் என்று கேலி செய்வோம். அந்தக் கேலி மலைவரை ஏறிவிட்டது எங்களுக்குத் தெரியாது.

ராசிங்காபுரத்தில் அம்மை கண்டிருந்த நேரம். அங்கே துக்கத்துக்குப் போன ஒரு குடும்பம், குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குத் திரும்பியிருப்பதாகத் தகவல். எந்த வீடு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் போடிச் சந்தை. தோட்டமே கீழே வரும். கூடவே நோயும் இறங்கினால் ஊர் தாங்காது. மூச்சிரைக்க ஏறினோம். லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், எல்லா அடுப்பும் மணத்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஐயா மட்டும் பின்பக்கமாக நடந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். சாக்கடையில் கறிவேப்பிலையும் கடுகுமாகப் புளிக்குழம்பு, ஆவி அடங்காமல் கிடந்தது. அரைவயிற்றுக் கஞ்சிக்காரர்கள் குழம்பைக் கொட்டுவார்களா? அது எங்கள் மூக்குக்காகத் தாளித்தது.

உள்ளே வேப்பிலைமேல் ஒரு பையன், உடம்பெல்லாம் முத்து. தாய் வாசலை மறித்தாள். “கிட்ட வராதீக! ஆத்தா இருக்கா.” யாரையும் மலையிறங்க விடாமல் லயம் முழுக்கக் குத்தினேன். அவள் மட்டும் கைக்குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். நாள் கடந்தால் குத்தியும் பலனில்லை. பிடுங்கிக் குத்திவிடலாம் என்றேன். “வேணாம், இருப்பம்” என்றார் ஐயா. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

விடிவதற்குள் பையன் போய்விட்டான். அவள் ஐயாவின் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

“தாளிக்காத வீட்ட மோப்பம் பிடிப்பீகன்னு சொன்னாக. அதான் தாளிச்சேன். அதுக்குத்தான் ஆத்தா கோவிச்சுக்கிட்டாளா அய்யா?”

“இல்ல தாயி” என்றார் ஐயா. அவள் நம்பவில்லை. ஆனாலும் முந்தானையை விலக்கி, குழந்தையின் கையை என் பக்கம் நீட்டினாள்.

“இனி எந்த மொகத்தோட ஆத்தாகிட்டப் போயி நிப்பேன்? இவளையாவது நீங்க பாத்துக்கங்க.”