பாலை மரத்தடியும் நான் எழுதிய பிள்ளையார் கோயிலும்

எங்கள் அம்மா கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாட்கள். அவரது நினைவாக அச்சிட்ட இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இத்தகைய மலர்களில் பிள்ளைகள் எழுதும் கட்டுரை எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அம்மாவின் பெயரால் ஏற்கெனவே ஒரு பொய் எழுதியவள் நான். இன்னொன்று எழுத மனம் இடம் தரவில்லை.

அம்மா பிறந்தது மட்டக்களப்பில், வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, களப்பு என்னும் உப்பங்கழியும் காடும் சேரும் ஓர் எல்லைக் கிராமத்தில். பிறந்த குலம் கரையோர வேடர் குலம். இதை நான் எழுத்தில் வைப்பது இதுவே முதல் தடவை.

தேன் எடுத்தும் களப்பில் மீன் பிடித்தும் காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்தும் வாழ்ந்த குடும்பம். பள்ளிக்கூடத்துக்கு அம்மா போனதில்லை. போரின்போது இரண்டு பக்கத்துத் துவக்குகளுக்கும் நடுவே அந்தக் கிராமம் அகப்பட்டது. மூன்று தடவை வீட்டை விட்டு ஓடினார்கள். மூன்றாம் ஓட்டத்தில் அப்பாவை இழந்தோம். திருமணமாகி டென்மார்க்கின் விபோர்க் நகரில் இருந்த நான் அம்மாவை இங்கே அழைத்துக்கொண்டேன். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். டேனிஷ் மொழியில் அவருக்குத் தெரிந்தது இருபது சொல் இருக்கும். அதை வைத்துக்கொண்டே அங்கிருந்த எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அம்மா எதையும் ஒளிக்கத் தெரியாதவர். ஒளித்தது முழுக்க நான். ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண், "நீங்கள் எந்த இடம், எந்த ஆக்கள்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா உற்சாகமாக, "நாங்க வே..." என்று தொடங்கினார். "மட்டக்களப்புப் பக்கம், அன்ரி. வடை எடுங்கோ" என்று நான் தட்டை நீட்டினேன். யாழ்ப்பாணப் பேச்சையும் அதற்குள் பழகி வைத்திருந்தேன். அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வடையைக் கடித்தார்.

கிறீன்லாந்து ஆதிக்குடி மக்களின் நில உரிமை பற்றி என் மகள் பள்ளியில் கட்டுரை எழுதியபோது, வாசித்துக் கண் கலங்கியவளும் நான்தான். அடுத்த அறையில் படுத்திருந்த அம்மம்மா யார் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

போர் முடிந்த ஆண்டு, முகாமிலிருந்து ஊர் திரும்பிய எங்கள் ஆட்கள் தங்கள் காட்டுக்கு யாரோ வேலி போட்டிருப்பதைக் கண்டார்கள். அம்மாவின் தம்பியான மாமா தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, காணி விசாரணை வைக்கிறாங்க. நாங்க ஆதிக்குடி எண்டு அவங்க ஒத்துக்கிட்டாத்தான் காடு எங்களுக்கு. பத்திரம் எல்லாம் எரிஞ்சு போச்சு. இருக்கிறவங்களுக்குள்ள நீதான் மூத்தவ. உன்ட வாக்குமூலம் வேணும்."

அம்மா குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து மேசையருகே அமர்ந்தார். "எழுது புள்ள. நாங்க வேடர். கோயில் கட்டடம் ஒண்டும் இல்ல. பெரிய பாலை மரம். அதுக்குக் கீழ வில்லும் அம்பும் சாத்தி, தேன் வைச்சுப் படைக்கிற. எங்கட அப்பாதான் சடங்கு செஞ்சவர், அவருக்கு முன்ன அவர்ர அப்பா. பாலையில இருந்து களப்புக் கரை மட்டும் எங்கட ஆக்கள்ர இடம்."

அந்தக் கடிதத்தில் இங்குள்ள தமிழர் ஒருவர் சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். ஒடென்சேயில் இருக்கும் ஒரு பெரியவரைக் கேட்டிருந்தோம். அவருடைய மகனுக்கும் என் மகளுக்கும் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்த நேரம் அது. அவர் வாசித்தால் சம்பந்தம் நின்றுபோகுமே என்று பயந்தேன். வேடர் என்ற சொல்லை விட்டுவிட்டேன். வில்லும் அம்பும் போயின. பாலை மரத்தடியை "எங்கள் பரம்பரைப் பிள்ளையார் கோயில், நாள்தோறும் மணியடித்துப் பூசை நடந்த இடம்" என்று எழுதினேன். ஊருக்குக் கௌரவம் சேர்ப்பதாக வேறு என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அம்மா என்னை நம்பிக் கைநாட்டு வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து மாமா அழைத்தார். "அதிகாரி வந்து பிள்ளையார் கோயிலக் காட்டு எண்டார், அக்கா. எங்க காட்டுற? மரத்தக் காட்டினன். 'உன்ட அக்காவே வேடர் எண்டு சொல்லல்ல, இல்லாத கோயிலச் சொல்லியிருக்கா, எல்லாம் பொய்' எண்டு தள்ளுபடி செஞ்சுபோட்டார்."

அம்மா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் சொன்னதத்தானே எழுதின, புள்ள?" என்றார்.

"ஓம் அம்மா."

அம்மா தொலைபேசியில், "தம்பி, எனக்கு மறதி வந்திட்டு. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். எல்லாருக்கிட்டயும் மன்னிப்புக் கேட்டன் எண்டு சொல்லு" என்றார். நான் கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. மறதிக்கு மருந்து வேண்டும் என்று அம்மா டொக்டரிடம் போக நின்றார். மொழிபெயர்க்க நான் போனேன். டொக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மா சரியாகப் பதில் சொன்னார். "உங்கள் அம்மாவின் நினைவு மிக நன்றாக இருக்கிறது" என்றார் டொக்டர். நான் அம்மாவிடம், "வயதுக்கு வாற மறதிதானாம்" என்றேன். அதன்பிறகு அம்மா ஊர்க்கதை பேசுவதையே நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால், "எனக்கு ஒண்டும் சரியா ஞாபகமில்ல" என்பார். அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி கண்டு, விபோர்க் வைத்தியசாலையில் நான்காம் நாள் அமைதியாகப் போய்விட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு நான்கு நாள் இருந்தது. சொல்லவில்லை.

என் மகளிடம் இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். "ஏன் மறைத்தீர்கள்?" என்று டேனிஷில் கேட்டாள். ஒடென்சேக் குடும்பத்தாரும் இந்த மலரை வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

அம்மாவை இறுதிவரை பார்த்துக்கொண்ட தாதியருக்கும், நகரசபையான கொம்யூனிலிருந்து காலைதோறும் வந்து அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட பெண்ணுக்கும், சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், பனியில் ஓல்போர்க்கிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மரத்தடிச் சடங்கை இன்னும் விடாமல் செய்யும் எங்கள் ஊராருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. அவர்கள் இன்னும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறார்கள்.

மாமா, மேல் விசாரணைக்கு இன்னும் வழி இருக்கிறது என்றீர்கள். அம்மா அன்று சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் மேலே எழுதியிருக்கிறேன். கையொப்பம் இட்டுத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். அதிகாரி முன்னால் வாசியுங்கள். அதற்கு முன் ஊராரைப் பாலை மரத்தடிக்குக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: அக்காவுக்கு மறதி வரவில்லை, அவள் பெற்ற மகள்தான் பொய் எழுதினாள்.