லெஃப்ட் என்றால் இடது

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். ஒரு சொல்லை எந்த வேலையில் கேட்டேனோ அந்த வேலைதான் எனக்கு அதன் அர்த்தம். லெஃப்ட் என்ற சொல், லாரியில் கிளீனராக இருந்தபோது வந்தது. வண்டி ரிவர்ஸில் வரும்போது கீழே நின்றுகொண்டு, "லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் லெஃப்ட்ல" என்று கத்த வேண்டும். எக்ஸிட், ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழித்தபோது வந்தது. சிவப்பு விளக்கு எரியும் கதவு அது. இடைவேளையில் சனம் அந்த வழியாக டீக்கும் முறுக்குக்கும் போய், மணி அடித்ததும் அதே வழியாக வந்து உட்காரும். எக்ஸிட் என்றால் போய்விட்டு வருகிற கதவு என்று என் மனதில் பதிந்துவிட்டது.

இந்த இரண்டு சொற்களால்தான் என் தங்கச்சி மகளின் காதுகுத்து என் மடியில் நடக்காமல் போனது.

தங்கச்சி திருமங்கலத்தில் இருக்கிறாள். அப்பா, அம்மா இல்லை. நான் பாலக்காடு, திருப்பூர் என்று வேலை கிடைக்கிற ஊரில் கிடப்பேன். போனில் இருந்த குடும்ப குரூப்தான் எனக்கு வீடு மாதிரி. அதில் நான் ஒன்றும் எழுதியதில்லை. பிள்ளைக்குப் பல் முளைத்ததையும், அது தவழ்ந்து போய்ச் செருப்பைக் கடித்ததையும் அதில்தான் பார்த்தேன். மடி கொடுக்கப்போகிற தாய்மாமன் என்ற முறையில் திருப்பூரில் ஒரு ஜோடி சின்னத் தோடு வாங்கி, பலபேர் தங்கும் ரூமில் வைக்கப் பயந்து பர்ஸிலேயே வைத்திருந்தேன்.

சித்திரையில் ஒருநாள் தங்கச்சி புருஷன் குரூப்பில், "மச்சான் இப்ப எந்த ஊரு? மடி ரெடியா?" என்று போட்டிருந்தார். சிரித்தேன். பஸ் வந்துவிட்டது. அவசரத்தில் வெளியே வர எதையோ அமுக்கினேன், எக்ஸிட் என்று வந்தது. அதை அமுக்கினேன். போன் திரும்பவும் கேட்டது, திரும்பவும் அமுக்கினேன். 'யூ லெஃப்ட்' என்று நடுவில் ஒரு வரி வந்தது. நம் பேச்சு வலது பக்கம், மற்றவர்கள் பேச்சு இடது பக்கம் என்பது தெரியும். பேசாதவனை இடது பக்கம் என்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு குரூப்பில் ஒன்றும் வரவில்லை. எல்லோரும் என்னைப் போலச் சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால், "எப்ப வார?" என்று கேட்பாள். அதற்குப் பயந்தே போடவில்லை.

ஆடியில் மதுரைக்கு வந்து, மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலையில் சேர்ந்தேன். ஆவணி முழுக்க ஓட்டம். புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை, வேலையும் இல்லை. பழங்காநத்தத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் போனைக் கொடுத்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார்.

"போட்டோ எதுவும் வர மாட்டேங்குது பாய். மெமரி அடைச்சிருக்கானு பாருங்க."

பார்த்தார். "அண்ணே, இந்தக் குரூப்ல நீங்க இல்லையே."

"தூக்கிட்டாங்களா?"

"தூக்கியிருந்தா ரிமூவ்ட்னு இருக்கும். இதுல லெஃப்ட்னு இருக்கு. நீங்களா போயிருக்கீங்க."

"லெஃப்ட்னா இடது பக்கமில்லையா?"

"அது ரோட்டுலண்ணே." சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வெளிய வர பேக் அமுக்கணும். எக்ஸிட் அமுக்குனா ஒரேயடியா போயிட்டதா அர்த்தம்."

ரிமூவ்ட் என்று இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கோபப்படவாவது எதிரே ஓர் ஆள் இருந்திருப்பார்.

கடை வாசலில் நின்றே தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"அவரு வெளையாட்டுக்குத்தான கேட்டாரு. அதுக்குப் போயி கோவிச்சுக்கிட்டுப் போவியா?" என்றாள்.

"கோவமெல்லாம் இல்ல. தெரியாம அமுக்கிட்டேன்."

"நீ போறது என்ன புதுசா? அப்பா காரியம் முடிஞ்ச மறுநாளே போனவன்தான. அதான் நம்பிட்டோம்."

"ஒரு போன் போட்டிருக்கலாம்ல."

"அவராப் போனாரு, அவரா வரட்டும்னு இவரு சொல்லிட்டாரு. நானும் நீ கூப்புடுவ, நீ கூப்புடுவன்னே இருந்துட்டேன்."

"காதுகுத்து?"

"முடிஞ்சுருச்சுண்ணே. ஆவணி மொத முகூர்த்தத்துல, திருப்பரங்குன்றத்துல. சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்துனோம்."

அந்த முகூர்த்தத்தன்று நானும் திருப்பரங்குன்றத்தில்தான் இருந்தேன். வேறு மண்டபம், வேறு வீட்டுக் காதுகுத்து. சாம்பார் வாளியைப் பந்தியில் கொண்டுவந்து வைக்கும்போது மேடையில் ஒரு பிள்ளை வீறிட்டது. "குத்திட்டாங்க, இலையப் போடுறா," என்றார் சமையல்காரர். போட்டேன்.

"தோடு வாங்கி வச்சிருக்கேன்," என்றேன்.

"கொண்டா. உன்னச் சேத்துவிடுறேன், இரு."

போன் சத்தம் கொடுத்தது. பாயிடம் காட்டினேன். "ஆடட்னு வந்திருக்கு. சேத்துட்டாங்கண்ணே." மேலே தள்ளிப் பார்த்தேன். 'மடி ரெடியா?' என்ற கேள்வி. அதன் கீழே நான் போன வரி. அதற்கும் கீழே என்னைச் சேர்த்த வரி. மூன்றும் ஒட்டி ஒட்டி இருந்தன.

"நடுவுல போட்ட போட்டோவெல்லாம்?"

"நீங்க இல்லாதப்ப போட்டது வராதுண்ணே."

தங்கச்சி இன்னும் போனில் இருந்தாள். "ஞாயித்துக்கெழம வாரேன்," என்றேன்.

"போறப்பவும் வாரேன்னுதான் சொல்லுவ," என்று வைத்துவிட்டாள்.

அன்று புதன்கிழமை. ஞாயிறுக்குள் நான் எந்த ஊரில் இருப்பேனோ எனக்கே நிச்சயமில்லை. ரூமுக்குப் போகாமல், பர்ஸில் தோட்டுப் பொட்டலம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, திருமங்கலம் பஸ்ஸுக்கு நின்றேன்.