மச்சினன் மோதிரம்

அக்காவின் கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, வெளிநாட்டிலிருந்த ஒரு பெண் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட்டு அவரிடம் ஒரு மோதிரம் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.  அவர், "யாருடைய காலைக் கழுவப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். முதலிலிருந்து சொன்னாலும் எனக்கே முழுக்கப் புரிந்ததில்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்காவுக்கு அது வாய்க்கவில்லை. அம்மா போன பிறகு வீட்டை நடத்தியது அவள்தான். தொண்ணூறுகளில் லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை வருவாள். அதற்கு மேல் ஒரு எட்டுகூட உள்ளே வைக்கமாட்டாள்.

பி.காம். முடித்து, அலிப்பூரில் இருந்த ஒரு சர்வதேச நிவாரண அமைப்பின் அலுவலகத்தில் சேர்ந்தேன். புயலும் வெள்ளமும் வந்தால் தார்ப்பாய், தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை எல்லாம் எங்களுக்குக் கப்பலில் வரும். நான் சேர்ந்து சில வருடங்கள் கழித்துத் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு நெறிமுறை அலுவலர் இருக்கவேண்டும். எங்கள் மேனேஜர் ஒரு வங்காளிப் பெண்மணி, எல்லோருக்கும் அவர் திதி, அதாவது அக்கா. என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். ஏன் நான் என்று கேட்டதற்கு வங்காள மொழியில் சொன்னார்: "நீ இங்க எந்தக் கோஷ்டியிலயும் இல்ல. அப்புறம், ரூல் புத்தகத்த வாசிக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

டில்லியில் பயிற்சி கொடுத்தார்கள். நான் யாரையும் பிடிப்பவன் அல்ல, விசாரிப்பவனும் அல்ல. சந்தேகம் வந்தவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். விதி என்ன சொல்கிறது என்று சொல்லவேண்டும். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. புகார் கொடுத்தவரை யாரும் பழிவாங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான் வேலை. அப்பாவுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"திருடனப் புடிக்கிற வேலையாலே?"

"இல்லப்பா. ஒரு காரியத்தச் செய்யுறதுக்கு முன்னாடி, செய்யலாமா வேண்டாமான்னு எங்கிட்ட வந்து கேப்பாங்க."

"கேட்டுட்டு எவம்லே தப்பு செய்வான்?"

அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் துறைமுகத்து விஜிலென்ஸ்காரர்கள். அவர்கள் வந்தால் குடோனே வாயை மூடிக்கொள்ளும். மகன் அந்த ஜாதி ஆளாகிவிட்டானோ என்று பயந்து, அக்கம்பக்கத்தில் "பய ஆபீசுல கணக்கு எழுதுதான்" என்றே சொல்லிவந்தார்.

ஆனால் அலுவலகத்தில் கேட்கத்தான் செய்தார்கள். துர்கா பூஜை முடிந்த வாரம் தார்ப்பாய் சப்ளையர் சந்தேஷ் இனிப்புப் பெட்டிகளை அனுப்பியிருந்தார். டிரைவர் ஒரு பெட்டியை என் மேஜையில் வைத்து, "சாப்பிடலாமா சார்?" என்று கேட்டார். ஒருவர் மட்டும் எடுத்துப்போகக்கூடாது, பொதுவில் வைத்தால் எல்லோரும் சாப்பிடலாம் என்றேன். "அப்ப தப்பு எல்லாருக்கும் சமபங்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். விதிப்படி நான் சொன்னது சரி. அவர் சொன்னதில் என்ன தவறு என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு அந்த இடம் வந்தது. அதற்கு முன் வந்தவை எல்லாம் ஏதோ ஒரு சொத்தைக் காரணத்தால் தட்டிப்போயிருந்தன. முப்பது தாண்டியவளை இனி யார் கேட்டு வருவார்கள் என்று அப்பா பேசுவதையே விட்டிருந்தார். இந்த மாப்பிள்ளை கல்கத்தாவிலேயே பிறந்தவர். லேக் மார்க்கெட் பக்கம் வீடு. பார்த்துவிட்டுப் போன அன்று மாலை அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "இது நடந்தா நல்லாருக்கும்லே." அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கேள்விப்பட்டது அதுதான் முதல்முறை.

பேச்சோடு பேச்சாக மாப்பிள்ளை தன் கம்பெனி பெயரைச் சொல்லியிருந்தார். துறைமுகத்தில் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பெனி. எங்கள் அலுவலகத்துக் கண்டெய்னர் வேலைக்கு டெண்டர் போட்டிருந்த கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

மறுநாள் காலையிலேயே திதியிடம் சொல்லிவிட்டேன். "சரி, எழுதிக் கொடு. அந்த டெண்டர் பக்கம் தலைவெச்சுப் படுக்காத. முடிஞ்சுது" என்றார். நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மோதிரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மணமேடைக்கு வரும் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பிதான் கழுவிவிடவேண்டும். மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா என் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு மோதிரம் போட்டா கழட்டக் கூடாது தம்பி. என் கூடப்பொறந்தவன் கல்யாணத்துல மச்சினன்காரன் மறுவீட்டுக்கே வெறும் வெரலோட வந்து நின்னான். அந்த வீட்டு வாசல நாங்க இன்னைக்கு வரைக்கும் மிதிக்கல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

டெண்டர் முடியும் வரை, அதில் இருக்கும் கம்பெனி ஆட்களிடமிருந்து எதுவும் வாங்கக்கூடாது. இந்த விதியை அலுவலகத்தில் எல்லோருக்கும் எடுத்துச்சொன்னவன் நான். அதைச் சொல்லித்தான் டெண்டர் குழுவில் இருந்த ஒரு பெரியவரை, கம்பெனிக்காரர் தந்த ஒரு பேனாவைத் திருப்பிக் கொடுக்கவைத்தேன். டெண்டரோ கல்யாணத்துக்கு முன் முடிவதாக இல்லை.

திதியிடம் போனேன். "ஓ மா! கல்யாண மோதிரம் லஞ்சமா? உனக்கு மூள கொழம்பிடுச்சு" என்று சிரித்தார். நான் அங்கேயே நின்றேன். அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. "ஆனா நீதானே அந்த மனுஷன் பேனாவத் திருப்பிக் கொடுக்கவெச்சே... நீ தலைமையகத்தையே கேட்டுடு."

அப்படித்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு.

"மாப்பிள்ளையின் காலை" என்று பதில் சொன்னேன். "அவர் டெண்டர் போட்ட கம்பெனியின் ஊழியர்."

"கம்பெனிதான் மோதிரத்தைக் கொடுக்கிறதா?"

"இல்லை. அவருடைய அம்மா செய்துவைத்தது."

"பதிலுக்கு நீங்கள் அவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?"

"என் அக்காவை" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தம்மா நல்லவர், சிரிக்கவில்லை. மறுத்தால் அவமதிப்பாகுமா என்று கேட்டார். கல்யாணமே நிற்கலாம் என்றேன். அப்படியானால் வாங்கிக்கொண்டு, மறுநாளே அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், நாங்கள் கூடிப் பேசி முடிவு சொல்கிறோம் என்றார். கடைசியில் பயிற்சியில் சொல்லித்தந்ததையே அவரும் சொன்னார்: "இந்தச் செய்தி நாளைக்குப் பத்திரிகையில் வந்தால் உங்களுக்குக் கூச்சமாக இருக்குமா என்று கேட்டுப்பாருங்கள்." எங்கள் வீட்டில் பத்திரிகை வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். அக்காவுக்கும் அப்பாவுக்கும் மோதிரத்தைக் கழற்றினால்தான் கூச்சம்.

மாப்பிள்ளையைத் தனியாகப் பார்க்கப் போனேன். லேக் மார்க்கெட்டில் வாழை இலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

"அத்தான், மோதிரத்த டெண்டர் முடிஞ்ச பொறவு போட்டா என்ன? இப்ப நான் கால மட்டும் கழுவுறேன்."

"வெறும் காலா? சலூன்ல தல கழுவி விடுற மாதிரில்ல இருக்கும்!" என்று இலைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஷோனோ, கேளு மாப்ள, கஸ்டம்ஸ்ல எந்த ஆபீசர்ட்ட வேணாலும் நான் பேசிடுவேன். எங்கம்மாட்ட முடியாது பாபா. வேணும்னா நீ பேசு" என்றார்.

நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். விஷயம் எப்படியோ அவள் காதுக்கு வந்திருந்தது.

"ஒரே கேள்விதான் கேக்கேன். மோதிரம் வாங்குவியா மாட்டியா?"

"வாங்குறேங்க்கா."

அவள் கேட்டது அதுதான். நான் சொன்னதும் அதுதான்.

கல்யாணம் நடந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் அத்தானின் காலைக் கழுவித் துடைத்துவிட்டேன். ஈர விரலில் அவர் மோதிரத்தைப் போட்டார். நாதஸ்வரக்காரர் ஓங்கி ஊத, அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரையும் போல நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கட்டைவிரல் மட்டும் அந்த மோதிரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அதைக் கழற்றித் திதியின் மேஜையில் வைத்தேன். "நக அடகு புடிக்கிற வேலையும் இனி எனக்கா?" என்று முனகிக்கொண்டே ஒரு உறையில் போட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மறுவீட்டுக்கு முன் முடிவு வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்தார்கள், கூடவே மாமியாரும். இலை போட்டு நான் பரிமாறினேன். கையை மறைத்துக்கொண்டு யாராலும் பரிமாறமுடியாது. சோற்றுக் கரண்டியோடு நான் குனிந்தபோது அந்த அம்மாவின் பார்வை என் விரலில் வந்து நின்றது. சாம்பாருக்கு நீண்ட அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நான் வாயைத் திறந்தேன்.

"லொடலொடன்னு கெடந்துச்சு அத்த" என்றாள் அக்கா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "கழண்டு கிழண்டு எங்கயாச்சும் விழுந்துரும்னு நான்தான் சின்னதாக்கக் குடுக்கச் சொன்னேன்."

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "அளவெடுத்துட்டு வாடான்னா, நீ கண்ணாலயே அளந்துட்டு வந்தியாக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். சாம்பார் இறங்கியது. பாயசமும் ஆயிற்று.

அடுக்களையில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கலே அது?"

சொன்னேன். தலைமையகம், உறை, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "வந்து ஒரு வாரங்கூட ஆகல, மாமியார்ட்ட பொய் சொல்ல வெச்சுட்டே" என்றாள். பிறகு, "நான் சொன்னது தப்பா சரியான்னு ஒன் ஆபீசுல கேட்டு வை" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கோபத்தில் சொன்னாளா, கேலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதை நான் யாரிடம் கேட்பது? கேட்பதற்கு இருக்கிற ஆளே நான்தானே.

டெண்டர் முடிந்தது. வேலை வேறொரு கம்பெனிக்குப் போனது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத் தலைமையகத்தின் பதில் வந்தது. குடும்பச் சடங்கில் வழக்கமாகத் தரப்படும் பொருள், முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டிருக்கிறது, வைத்துக்கொள்ளலாம். திதி உறையைக் கிழித்து மோதிரத்தை என் உள்ளங்கையில் போட்டார். "போட்டுக்கோ. இதுக்கா இவ்ளோ?"

போட்டுப்பார்த்தேன். விரலில் சுற்றியது. கையைத் தொங்கவிட்டால் கணு வரை இறங்கியது. அக்கா சொன்னது போலவே லொடலொடவென்றுதான் இருந்தது. கல்யாணத்தன்று ஈரக்கையில் எனக்கு அது தெரியவில்லை, மறுநாள் கழற்றிய அவசரத்திலும் கவனிக்கவில்லை. மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கண்ணில் பட்டிருக்குமோ? இல்லை, வாயில் வந்ததைச் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டதா? போனில் கேட்டேன். "அதையும் ஒன் வெளிநாட்டு மேடத்துட்ட கேளு" என்று சிரித்தாள். பின்னால் மாமியார் சத்தமாக ஏதோ சொல்ல, "இந்தா வாரேன் அத்த" என்று வைத்துவிட்டாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. அந்த மட்டில் நிம்மதி.

சாயங்காலம் கிடர்பூரில் ஒரு தட்டாரிடம் போனேன். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, சின்னதாக்கவேண்டும் என்றேன். அவர் என் விரலையும் மோதிரத்தையும் பார்த்துவிட்டு, "இவ்ளோ லூசா இருக்கே, ஏன் இத்தன நாளா கொண்டுவரல?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எந்தப் பதிலைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே விரலை நீட்டினேன்.