நாற்பதாவது குகை

போன வாரம் அலுவலகத்துக்கு ஒரு செய்திக்குறிப்பு வந்தது. மலிவு விலையில் கையடக்க வீடியோ கேம் விற்கும் ஒரு நிறுவனம் புது மாடல் இறக்குகிறதாம். இந்த வருஷத்தில் இது நான்காவது. முதலில் வெறும் பெயர், அடுத்து பிளஸ், அதற்கடுத்து புரோ, இப்போது பிளஸ் புரோ. மூன்றாவதை வாங்கியவன் பெட்டியைப் பிரிப்பதற்குள் நான்காவது வந்து நிற்கிறது. இதை நூற்றைம்பது சொற்களில் செய்தியாக்குவது என் வேலை. படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: ‘எங்கே வேண்டுமானாலும் அணைக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.’ எரிச்சலாக வந்தது. ஒன்பது வருஷம் தாமதமாக வந்து சேர்ந்த வரி அது.

அப்போது கல்கத்தாவில், ஜாதவ்பூரில் ஒரு மாடி வீட்டில் மூன்று பேர் குடியிருந்தோம். நான் செய்தித்தாள் உதவி ஆசிரியன். அன்வர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன், நாகூர்க்காரன். பாலாஜி விருதுநகர், ஐடி வேலை. அவன்தான் கரியாஹாட் நடைபாதைக் கடையிலிருந்து அந்தச் சனியனை வாங்கி வந்தான். உள்ளங்கை அளவு, சிவப்பு பிளாஸ்டிக். பிரித்ததும் ரப்பர் செருப்புக் கடை வாசனை வீடு முழுக்கப் பரவியது. பெட்டியின் மேல் ‘நானூறு விளையாட்டுகள்’ என்று போட்டிருந்தது. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். தொண்ணூற்று ஒன்றுக்கு அப்புறம் வந்ததெல்லாம் அதே விளையாட்டுகள்தான், வேறு பெயரில், வேறு நிறத்தில்.

“ஒங்களுக்கு வெளாட்டும் புரூஃப் பாக்குறதுதாண்ணே,” என்றான் பாலாஜி.

அந்தத் தொண்ணூற்று ஒன்றில் அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. தலைக்கவசம் போட்ட ஒருவன் குகை குகையாகக் குதித்துப் போவான். மொத்தம் நாற்பது குகைகள். குதிக்கும்போதெல்லாம் ‘ட்வீங்’ என்று ஒரு சத்தம், அதைக் குறைக்க வழியே கிடையாது. இன்றும் எங்கேயாவது லிஃப்ட் அப்படிக் கத்தினால் எனக்குப் பல் கூசும்.

பாலாஜி சும்மா விளையாடவில்லை. பத்து வாரமாக அவனுக்கு அலுவலகத்தில் புராஜெக்ட் இல்லை. பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று துர்கா பூஜை விடுமுறைக்குப் பிறகு சொல்வதாகப் பேச்சு. “இதை முடிச்சுட்டா அதுவும் நல்லபடியா முடிஞ்சிரும்ணே,” என்றான் ஒரு நாள். எனக்குக் கோபம் வந்தது. கணிப்பொறி படித்தவன் பேசுகிற பேச்சா? ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

துர்கா பூஜை தொடங்கும் சஷ்டியன்று நாற்பதாவது குகை வாசலுக்கு வந்துவிட்டான். இரண்டு உயிர் மிச்சம். நவமியன்று குளித்துவிட்டு நிதானமாக ஆடுகிறேன் என்று அப்படியே நிறுத்தி வைத்தான். அந்தக் கருவிக்கு ஞாபகம் என்பதே கிடையாது. அணைத்தால் மறுபடி முதல் குகைதான். அதனால் சார்ஜரில் செருகியபடியே மேசைமேல் கிடந்தது. அன்வர் ‘அணைக்காதே’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டினான். வங்காளம், பெருக்க வரும் அக்காவுக்காக. அவர் மூன்று நாளும் கண்ணாடிப் பாத்திரம்போல அதைச் சுற்றித் துடைத்தார்.

நவமியன்று நமக்கு ஆயுத பூஜை. பூஜை நாட்களில் கல்கத்தாவில் செய்தித்தாள் கிடையாது என்பதால் எனக்கு விடுமுறை. அப்பா கோயம்புத்தூரில் மில் தொழிலாளி. ஓடுகிற எந்திரத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது, முதலில் அணை, பிறகு துடை, பிறகு சந்தனம் என்பார். காலையில் அந்த வரிசையில் ஆரம்பித்தேன். கேஸ் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, மடிக்கணினி, மிக்ஸி. அணை, துடை, சந்தனம், குங்குமம். ஆறாவதாகவோ ஏழாவதாகவோ சிவப்பாக ஒன்று கைக்கு வந்தது. ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட நான்தான் கவனமாக உரித்தேன், பொட்டு வைக்க இடம் வேண்டுமே என்று.

பாலாஜி குளித்துவிட்டு வேட்டியோடு வந்தான். சந்தனம் பூசி, கண் மூடிக் கிடந்ததைப் பார்த்தான்.

“அண்ணே... ஆஃப் பண்ணிட்டீங்களா?”

குங்குமச் சிமிழை மூடி வைத்தேன்.

“மூணு பாஷையில எழுதி ஒட்டிருந்துச்சேண்ணே!”

அன்வர் கட்டிலிலிருந்து எழுந்து வந்து பார்த்தான். “படிச்சுத் திருத்துறதுதான் இவர் பொழப்பே,” என்றான்.

பாலாஜி கருவியை எடுக்கக் கை நீட்டினான், உடனே முதலிலிருந்து ஆடிவிடலாம் என்று. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்கணும் என்று என் வாய் தானாகச் சொன்னது. அந்த நேரத்தில் அதைச் சொன்ன என்னை எதால் அடிப்பது?

“உடுங்க பாலாஜி, போன வருஷம் என் சைக்கிளுக்குப் பொட்டு வச்சு ஒரு நாள் பூரா நடக்கவிட்ட ஆளு இவரு,” என்றான் அன்வர்.

காக்கிமா என்று நாங்கள் கூப்பிடும் கீழ் வீட்டு அம்மாள் துர்கா பந்தல் பிரசாதமாகக் கிச்சடி கொண்டுவந்தார். மேசையைப் பார்த்து, “ஏ கீ! கேல்னாரோ புஜோ?” என்று சிரித்தார். விளையாட்டுச் சாமானுக்கும் பூஜையா என்று கேட்கிறார். பாலாஜி கிச்சடியை வாங்கி, நின்றபடியே தின்றான்.

விஜயதசமியன்று விடிந்ததும் முதல் குகையிலிருந்து தொடங்கினான். பதினொன்றாவதில் மூன்று உயிரும் போயின. விடுமுறை முடிந்து அலுவலகம் போனவனை மதியமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால், ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று எழுதாதே என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்த ஒரு மாதம் எனக்கே அது உதவவில்லை.

சாந்த்ராகாச்சி நிலையத்தில் அவனைச் சென்னை ரயில் ஏற்றிவிடப் போனோம். ஜன்னல் கம்பி வழியாகச் சொன்னான்: “உங்க சந்தனம் இல்லாட்டியும் அனுப்பிருப்பாங்கண்ணே. ஆனா அந்த நாப்பதாவதுல என்ன இருந்துச்சுன்னு ஒரு தடவ பாத்திருக்கலாம்.”

செய்தியை எழுதி முடித்த கையோடு இணையத்தில் தேடினேன். யாரோ ஒரு வேலையற்ற புண்ணியவான் அந்த விளையாட்டை முழுக்க ஆடிக் காணொளி போட்டிருந்தான். நாற்பதாவது குகையில் ஒரு கதவு. தலைக்கவசக்காரன் அதற்குள் நுழைகிறான். வாழ்த்து இல்லை, வாணவேடிக்கை இல்லை. திரை ஒரு முறை சிமிட்டுகிறது, மறுபடி முதல் குகை. சந்தேகத்துக்கு மூன்று முறை பார்த்தேன்.

பாலாஜியைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். இந்த எண்ணை வாங்கி நாலு வருஷமாகிறது, பாலாஜி என்று யாரையும் தெரியாது என்றார். துபாயிலிருக்கும் அன்வரிடம் கேட்டேன். அவனிடம் இருப்பதும் அதே எண்தான்.