சலூன்காரரின் கையும் வாயும்

கடைத்தெருவின் கோடியில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரரை எல்லோரும் மீதிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சில்லறையில் மீதி வைக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம், அதில் மனிதர் படு சுத்தம். அவர் மீதி வைத்தது கதையில். கன்னத்தில் சோப்பு நுரை ஏறும்போது கதை தொடங்கும். கத்தி தாடையைச் சுற்றித் தொண்டைக்குழிக்கு வரும் நேரம் கதையும் உச்சிக்கு வந்திருக்கும். அதோடு துண்டை உருவி ஓர் உதறு உதறி, "மீதி நாளைக்கு" என்பார். வந்தவன் பாடு திண்டாட்டம். மறுநாள் கன்னத்தில் ஒரு முள்கூட முளைத்திருக்காது, ஆனாலும் வந்து உட்கார்ந்து "எடுங்க" என்பான். அந்தத் தெருவில் காற்றுக்குக்கூடக் கன்னம் வழவழவென்று இருந்தது என்று ஒரு பேச்சு உண்டு.

நேருக்கு நேர் உட்கார வைத்தால் மீதிக்காரருக்கு நாலு வார்த்தை வராது. பெண் பார்க்கப் போன இடத்திலேயே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். கண்ணாடிக்குள் எதிராளியின் முகம் தெரிந்தால் மட்டும் மடை திறந்துகொள்ளும். அந்தக் கண்ணாடிக்குள் அவர் அதிகம் பார்த்த முகம், மனைவியின் அண்ணன் முகம். மச்சான் பஸ் டிரைவர். 'ஓட்டுநரோடு பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழேயே வாழ்நாளை ஓட்டியதில் அவருக்குப் பேச்சு என்பதே மறந்துவிட்டது. காலையில் முதல் ஆளாக வருவார், உட்காருவார், கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டுவார். ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க, இருவருக்கும் நடுவே ஒரு கத்தி. இதைவிடப் பெரிய சிநேகிதத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை.

நடுக்கம் வந்தது வலது கைக்கு. சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. "என்னங்க, மாத்திரையா உருட்டுறீங்க?" என்று மனைவி கேலி செய்தார். கேலி செய்த வாய்க்குத் தெரியாது, மாத்திரை பின்னால் வரப்போகிறது என்று. நரம்பு டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் என்றார். மாத்திரை போட்டால் கை கொஞ்ச நேரம் சொன்னபடி கேட்கும், மருந்தின் வேகம் தணிந்ததும் பழையபடி தன் இஷ்டத்துக்கு ஆடும். அப்படி ஒரு காலையில் கத்தி மச்சானின் காது மடலில் இறங்கிவிட்டது. மச்சான் துண்டால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு, "ம், அப்பறம்?" என்றார். கதையைத்தான் கேட்டார். மீதிக்காரர் கத்தியை மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

இன்னொரு நாற்காலியில் வேலை செய்தவர் கடையைப் பார்த்துக்கொண்டார். நல்ல கைதான். மச்சானோ அவரிடம் உட்காரவில்லை, வேறு சலூனுக்கும் போகவில்லை.

"ஏண்ணே, பிச்சைக்காரன் மாதிரி திரியிற? போய் எடுத்துக்கயேன்" என்று தங்கை திட்டினார்.

"இந்தக் கன்னத்துக்கு வேற கை பழக்கமில்ல."

அந்த ஆண்டு அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். தாடி நெஞ்சைத் தாண்டியது. ஒரு குருவி ஜன்னல் வழியே வந்து அதில் இடம் பார்த்துவிட்டுப் போனதாகத் தங்கை சத்தியம் செய்வார். தாடியைப் பார்க்கும்போதெல்லாம் மீதிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மதியத்தில் கடை காலியாக இருக்கும் வேளை பார்த்துத் தன் நாற்காலியில் தானே உட்காருவார். கண்ணாடிக்குள் தன் முகம் மட்டும் இருக்கும். அந்த முகத்துக்குச் சொல்ல அவரிடம் ஒரு கதையும் இல்லை.

கடைசியில் டாக்டரம்மாவே ஆபரேஷன் பேச்சை எடுத்தார். மண்டையில் சின்னதாகத் துளை போட்டு, மூளையின் ஆழத்தில் முடி மாதிரி மெல்லிய கம்பி வைப்பார்கள். தோலுக்கு அடியிலேயே ஒயர் கழுத்து வழியாக இறங்கும். காறை எலும்புக்குக் கீழே, மார்பில் பேட்டரிப் பெட்டி. அது விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் அனுப்பி நடுக்கத்தை அடக்கும். நோய் போய்விடாது, கை அடங்கும்.

"நான் திரும்பக் கத்தி புடிப்பனா?"

"பிடிக்கலாம். ஆனா சத்தியம் பண்ணித் தர மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

அந்த 'பிடிக்கலாம்' போதுமென்று மீதிக்காரர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது.

ஆபரேஷனன்று தலையை மழிக்க வந்த ஆஸ்பத்திரிக்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "தம்பி, மொதல்ல நல்லா நனைங்க. என் தலைய ஏன் காஞ்ச தேங்கா மாதிரி உரிக்கிறீங்க?" மழித்து முடித்து, தலை அசையாமல் இருக்கச் சட்டம் மாட்டி உள்ளே கொண்டுபோனார்கள். துளை போட்டதும் ஆளை விழிப்பாகவே வைத்துக்கொண்டார்கள். மின்சாரத்தை ஏற்றும்போது கை எப்படி, நாக்கு எப்படி என்று பார்க்க வேண்டுமாம்.

"பேசிட்டே இருங்க. மாசங்க பேரை வரிசையா சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"மாசத்துல என்ன சுவாரசியம் இருக்கு? கதை சொல்றேன்." கூரையில் தொங்கிய பெரிய விளக்கின் வளைந்த உலோகத்தில் டாக்டரம்மாவின் முகமூடி போட்ட முகம் தெரிந்தது. கண்ணாடி கிடைத்துவிட்டதே! "ஒரு ஆளு. தலை சுத்தமா வழுக்கை. ஆனா பாருங்க, அவன் நெழலுக்குக் கட்டு கட்டா முடி. கண்ண மறைக்குதாம், நெழலு போற வர்ற எடமெல்லாம் முட்டிக்குது. வெட்டி விடுங்கன்னு என் கடைக்கு வந்தான்."

"நிழலுக்கு எப்படி வெட்டுவீங்க?" என்றார் நர்ஸ்.

"கத்தரிக்கோலோட நெழலாலதான்!"

அறையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே கை நின்றது. மழை சட்டென்று விட்டதுபோல. மீதிக்காரர் தன் விரல்களையே பார்த்தார். தொலைந்துபோன பிள்ளை வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துறேன், கதைய விடாதீங்க."

"பாதி... வெத்தும்போது... கதந்த்..." நாக்கு களிமண்ணாகிவிட்டது. டாக்டரம்மா உடனே குறைத்தார். நாக்கு திரும்பி வந்தது. மீதிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, "பாதி வெட்டும்போது கரண்ட் போயிடுச்சு. மீதி நாளைக்கு" என்றார். "அநியாயம்!" என்று நர்ஸ் கத்தியது வெளியே பெஞ்சில் காத்திருந்த மச்சானுக்கே கேட்டது. பிறகு அவருக்கும் கதையைச் சொன்னது அந்த நர்ஸ்தான்.

புண் ஆறி, பெட்டியை முடுக்கி, வாரக்கணக்கில் அளவு பார்த்தார்கள். கடைசியில் கையடக்கமாக ஒரு ரிமோட்டைக் கொடுத்து டாக்டரம்மா விளக்கினார். அதில் இரண்டு அளவு. முதல் அளவில் கை நிற்கும், பேச்சு குழறும். இரண்டாவதில் பேச்சு தெளியும், கை கொஞ்சம் ஆடும். "நடுவுல ஒரு அளவு கிடைக்கும்னு தேடிட்டே இருப்போம். சில பேருக்குக் கிடைக்குது. கொஞ்ச காலம் பொறுங்க."

"டிவிக்கு ஒன்னு, வீட்டுக்காரருக்கு ஒன்னு. ரெண்டு ரிமோட்டும் இனிமே என்கிட்டதான்" என்று மனைவி சிரித்தார். இரண்டே நாளில் அவரே ரிமோட்டைக் கணவர் கையில் வைத்து, "பேசுற பட்டனைப் போடுங்க. வீடு வெறிச்சுன்னு இருக்கு" என்றார்.

சலூன் தொழிலில் புதுக்கை பழகுவது பலூனில். ஊதிக் கட்டி, நுரை தடவி, உடையாமல் வழிக்க வேண்டும். மீதிக்காரர் கூடத்தில் உட்கார்ந்து, பலூனை மச்சான் கன்னமாக நினைத்துப் பழகினார். முதல் அளவில் பலூன் நிலா மாதிரி பளபளத்தது. ஆனால் கத்தி ஓடும்போது வாயும் தானாக ஓடப் பார்க்கும், ஓடினால் குழைந்த சோறுதான் வரும். இரண்டாவது அளவில் கதை பிரமாதமாகப் போகும், போகும்போதே பலூன் டமால். "இன்னைக்கு எத்தனை மச்சான் காலி?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதுதான் அவர் ஏக்கம். கை மட்டும் வந்தால் அது வெறும் சவரம். வாய் மட்டும் வந்தால் மச்சானுக்குத் தாடி. பேசிக்கொண்டே வழித்த அந்தக் காலைகள் எந்தப் பட்டனில் இருக்கின்றன?

ஒரு காலையில் மச்சான் கடைக்கு வந்தார். கேட்காமலேயே பழைய நாற்காலியில் உட்கார்ந்து துண்டைப் போர்த்தி, தாடியைத் தூக்கி அதன் மேலே போட்டார். மீதிக்காரர் இழுப்பறையைத் திறந்தார். ரிமோட்டை மார்பருகே வைத்து முதல் அளவை அழுத்தினார். கத்தரியால் காட்டைக் குறைத்து, நுரை தடவி, கத்தியை வைத்தார். வலது கன்னத்தில் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கண்ணாடிக்குள் இருவர் முகமும் பழையபடி வந்து நின்றன. சொல்லச் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டைவரை வந்து முட்டியது. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன மாப்ள, பேச மாட்டேங்குற? வேற யாரோ செரைக்கிற மாதிரி இருக்கு."

மீதிக்காரர் கத்தியைக் காட்டி, வாயைக் காட்டி, கையை விரித்தார்.

மச்சான் புரிந்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். ஆயுசில் முதல் தடவையாகக் கதை சொல்லத் தொடங்கினார். அது பஸ் போலவே போனது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று. "அந்த வழுக்கை ஆளு. உக்காந்திருக்கான். கரண்ட் போச்சு. அப்பறம்... வந்துச்சு. நெழலுக்குப் பாதி முடி இருக்கு. பாதி இல்ல. கடைக்காரன் சொல்றான், இரு, மீதியும் வெட்டிடறேன். அந்த ஆளு வேணாங்கிறான். ஏன்யான்னு கேட்டா..."

கத்தி முகவாயின் நடுவுக்கு வந்திருந்தது. வலது பாதி வழவழப்பு, இடது பாதி காடு. மச்சான் துண்டைத் தானே உருவினார், எழுந்தார், ஓர் உதறு உதறினார்.

"மீதி நாளைக்கு."

"ஏ... மத்தா..." என்றார் மீதிக்காரர். அதற்குள் மச்சான் படியிறங்கிவிட்டார். தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. பழக்கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதித் தாடியோடு மனிதர் ராஜாவைப் போல நடந்தார்.

மீதிக்காரர் கத்தியை வைத்துவிட்டு ரிமோட்டைத் தேடினார். இரண்டாவது அளவை அழுத்தினார். மெதுவாகக் கை உதறத் தொடங்கியது, நாக்கு இளகியது. வாசலுக்கு வந்தபோது மச்சான் தெருமுனையைத் தொட்டிருந்தார்.

"மச்சான்!"

குரல் பழைய குரலாகவே போய்ச் சேர்ந்தது. மச்சான் திரும்பினார். ஒரு பக்கம் வழித்த கன்னமும் மறுபக்கம் தாடிக் கன்னமுமாக முகம் தெரிந்தது. நடுவில் கண்ணாடி இல்லை. தெருவின் இரண்டு கோடியில் நேருக்கு நேராக நின்றார்கள். சொல்ல ஆயிரம் இருந்த மீதிக்காரருக்கு நாலே வார்த்தைதான் வந்தது.

"காலையில கொஞ்சம் சீக்கிரமா வாங்க."